கருப்புக் கான்கிரீட்: கார்பன் நானோபொருள் சேர்த்து மின்சாரம் கடத்தும் கலவை செய்வது எப்படி?

நான் முதன்முதலாக வார்த்த கார்பன் கலந்த சிமென்ட் கட்டை, மூன்றாம் நாள் அச்சிலிருந்து வெளிவந்ததும் மல்டிமீட்டரில் சில நூறு ஓம் காட்டியது. உடனே இனிப்பு வாங்கிவர ஆள் அனுப்பினோம். அவர் திரும்புவதற்குள், பக்கத்தில் கிடந்த கார்பனே சேர்க்காத கட்டையில் யாரோ விளையாட்டாகக் கம்பியை வைத்துப் பார்த்தார்கள். அதுவும் ஏறக்குறைய அதே எண்ணைக் காட்டியது. அன்று சாப்பிட்ட இனிப்புக்கு இன்றுவரை காரணம் இல்லை.

இந்த வேலையில் இறங்குகிற எல்லோரும் ஒருமுறையாவது விழுகிற பள்ளம் இது. ஈரமான சிமென்ட் தானாகவே மின்சாரம் கடத்தும். அதன் நுண்துளைகளில் இருக்கும் நீரில் சோடியம், பொட்டாசியம், ஹைட்ராக்சைடு அயனிகள் நிறைந்திருக்கின்றன. ஈரமான சாதாரண கான்கிரீட்டின் மின்தடை எண் (கட்டையின் அளவைச் சாராமல் பொருளுக்கே உரிய தடை) சுமார் 100 ஓம்-மீட்டர். நன்கு நீர் ஊறிய இளம் காரைக்கு (ஜல்லி சேராத சிமென்ட்-மணல் கலவைக்கு) இன்னும் குறைவு. காற்றில் உலர்ந்த கான்கிரீட்டில் அது 10,000 ஓம்-மீட்டர் அளவுக்கு ஏறும். அடுப்பில் முழுதாக உலர்த்தினால் நூறு கோடி ஓம்-மீட்டரை எட்டி, நல்ல மின்காப்புப் பொருளாகிவிடும். ஆகவே நாம் உருவாக்க வேண்டியது ஈரம் போன பிறகும் நிற்கிற பாதை. அயனிகளை நம்பாமல், எலக்ட்ரான்கள் கார்பன் வழியாகவே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போக வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு படியும் இதற்காகத்தான்.

எதற்காகச் செய்கிறீர்கள்?

இதை முடிவு செய்யாமல் கார்பனை எடைபோடாதீர்கள். பயன்பாட்டைப் பொறுத்து அளவு, கார்பன் வகை, மின்வாய் (மின்சாரம் உள்ளே போய் வெளியே வரும் உலோக முனை) எல்லாமே மாறும்.

சூடாக்குவது ஒரு பயன். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், லிங்கன் நகருக்கு அருகிலுள்ள ரோகா ஸ்பர் பாலத்தின் தளத்தில் 2000களின் தொடக்கத்திலேயே 52 மின்கடத்து கான்கிரீட் பலகைகளைப் பதித்துப் பனியை உருக்கினார்கள். நெப்ராஸ்கா பல்கலைக்கழகப் பேராசிரியர் கிறிஸ்டோபர் டுவானின் வேலை அது. நானோபொருள் எதுவும் இல்லை. எஃகு இழையும் கார்பன் துகளும்தான். 2016இல் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் டெமாய்ன் விமான நிலையத்தில் கார்பன் இழை கலந்த பலகைகளைப் போட்டார்கள். 2021இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) ஆய்வாளர்கள் நானோ கார்பன் பிளாக் என்னும் நுண்ணிய கரித்தூள் கலந்த சிறு சிமென்ட் துண்டுகளில் வெறும் 5 வோல்ட் கொடுத்து 41 டிகிரி செல்சியஸ்வரை சூடேற்றிக் காட்டினார்கள்.

இரண்டாவது பயன் உணர்தல். அழுத்தம் ஏறும்போது கட்டையின் மின்தடை மாறும். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் டெபோரா சுங் குழுவினர் இதைக் கார்பன் இழையில் கண்டறிந்தார்கள். மூன்றாவது ஆற்றல் சேமிப்பு. 2023இல் எம்.ஐ.டி.யின் ஃபிரான்ஸ்-யோசஃப் உல்ம், அட்மிர் மாசிக் ஆகியோரின் குழு, கார்பன் பிளாக் கலந்த சிமென்டையே சூப்பர் கெப்பாசிட்டராக, அதாவது மின்னூட்டத்தைச் சேமித்துவைக்கும் சாதனமாக மாற்றியது. 10 கிலோவாட்-மணி சேமிக்க 45 கன மீட்டர் கான்கிரீட் தேவைப்படும் என்று அன்று கணக்கிட்டார்கள். 2025இல் அதனுள் இருக்கும் மின்பகுளியை (அயனிகள் கொண்ட திரவத்தை) மாற்றி அதை 5 கன மீட்டராகச் சுருக்கினார்கள்.

பனியே பெய்யாத நம் ஊருக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பாறைப் பூமியில் எர்த்திங் போட்டுத் திண்டாடிய எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள். எர்த் கம்பியைச் சுற்றிக் கார்பன் கலந்த மின்கடத்து சிமென்ட் போடுவது இன்று சந்தையில் கிடைக்கும் தீர்வுகளில் ஒன்று. நிலைமின்சாரம் தேங்கக்கூடாத தொழிற்சாலைத் தரைகளும் இருக்கின்றன. பாலத்தின் உடல்நிலையைக் கவனிக்கும் உணரிகளும் இருக்கின்றன.

இந்த வழிகாட்டியில் 40 × 40 × 160 மி.மீ. காரைக் கட்டைகளை எடுத்துக்கொள்கிறேன். இதில் கைதேராமல் நேராக ஜல்லிக் கான்கிரீட்டுக்குப் போகாதீர்கள்.

எந்தக் கார்பன்?

கார்பன் நானோகுழாயின் பலம் அதன் நீளத்தில் இருக்கிறது. விட்டம் 10 முதல் 20 நானோமீட்டர். நீளம் அதைப்போல் நூறு, ஆயிரம் மடங்கு. உருண்டையான துகள்கள் ஒன்றையொன்று தொட்டுத் தொடர்ச்சியான பாதை அமைக்க, மொத்தக் கன அளவில் சுமார் 16 விழுக்காடு இடத்தை அடைக்க வேண்டியிருக்கும். நீளத்துக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதம் 1000 ஆக இருக்கும் குச்சிகளுக்கு, கோட்பாட்டின்படி 0.1 விழுக்காடுகூட வேண்டியதில்லை. வைக்கோல் பிடியளவு இருந்தாலும் கூடை நிரம்பிவிடும், கோலிக்குண்டு நிரப்பப் படியளவு வேண்டும். அந்தக் கணக்குத்தான்.

கார்பன் பிளாக் என்பது டயரைக் கருப்பாக்குகிற அதே தூள். தனித்தனி உருண்டைகளாக இல்லாமல் திராட்சைக் கொத்துபோல் கிளைத்திருப்பதால், 16 விழுக்காட்டுக்கும் வெகுவாகக் குறைந்த அளவிலேயே பாதை அமைந்துவிடும். நானோகுழாயைவிட அதிகம் வேண்டும். ஆனால் விலை மிகக் குறைவு. சூடாக்கவும் ஆற்றல் சேமிக்கவும் இதுதான் என் தேர்வு. வாங்கும்போது மின்கடத்து ரகம் என்று கேட்டு வாங்குங்கள். வண்ணத்துக்குப் பயன்படும் ரகத்தால் பயனில்லை. கிராஃபீன் (மிக மெல்லிய கார்பன் தாள்) தகடுகளும் வேலை செய்யும். ஆனால் ‘கிராஃபீன்’ என்ற பெயரில் விற்கப்படும் பொட்டலங்களில் பல, தடிமனான கிராஃபைட் தூளாகவே இருக்கின்றன. விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. கார்பாக்சில் தொகுதி (நீரோடு ஒத்துப்போகும் அணுக்கூட்டம்) ஒட்டிய நானோகுழாய்கள் நீரில் எளிதாகப் பரவும் என்று விற்பனையாளர் சொல்வார். அது உண்மைதான். அந்தத் தொகுதியை ஒட்டவைக்க அமிலத்தில் கொதிக்கவைக்கும்போது குழாயின் சுவர் பழுதாகி, கடத்தும் திறன் குறைகிறது என்பதை மட்டும் சொல்லமாட்டார். வலிமைக்காகச் சேர்ப்பவர்கள் அதை வாங்கட்டும். மின்சாரத்துக்கு அமிலம் படாத குழாயே நல்லது.

நானோகுழாய் நமக்கு முற்றிலும் புதிய சரக்கும் இல்லை. கீழடியில் கிடைத்த, கி.மு. ஆறாம் நூற்றாண்டுப் பானை ஓடுகளின் கருநிறப் பூச்சில் கார்பன் நானோகுழாய்கள் இருப்பதாக 2020இல் ‘சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. அந்தக் குயவர் மின்தடையை அளந்திருக்கமாட்டார், அவ்வளவுதான்.

தூளைக் கையாளுமுன்

உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, கார்பன் பிளாக்கையும் பல்சுவர் (ஒன்றுக்குள் ஒன்றாகப் பல குழாய் கொண்ட) நானோகுழாய்களில் ஒரு வகையையும் ‘புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்புள்ளவை’ என்ற 2பி பிரிவில் வைத்திருக்கிறது. காற்றில் நானோகுழாய் ஒரு கன மீட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது அமெரிக்கத் தொழில்சார் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கண்ணுக்குத் தெரியாத அளவு அது. எனவே உலர்ந்த தூளை மின்விசிறிக்கு அடியில் எடைபோடக் கூடாது. புகைப்போக்கி அறை, பொருத்தமான முகமூடி, கையுறை மூன்றும் வேண்டும். சிந்தினால் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். முடிந்தால் நீரில் கலந்த நிலையில் விற்கப்படும் சரக்கையே வாங்கிவிடுங்கள். இன்னொரு காரணமும் உண்டு: இந்தத் தூள் பறந்து கணினிக்குள் போனால், அங்கேயும் மின்சாரத்தைக் கடத்தும்.

அளவு

மூன்று கட்டைகளுக்கு 450 கிராம் சிமென்ட், 1350 கிராம் மணல், 225 கிராம் நீர். சிமென்ட் 53 கிரேடு ஓ.பி.சி. (சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட்) ஆக இருக்கட்டும். சாம்பல் கலந்த பி.பி.சி. வேண்டாம், சாம்பலில் எரியாமல் தங்கிய கார்பன் சூப்பர் பிளாஸ்டிசைசரை (நீரைக் கூட்டாமலே கலவையை இளக்கும் சேர்மத்தை) உறிஞ்சி, கணக்கைக் குழப்பும்.

நானோகுழாயை சிமென்ட் எடையில் 0, 0.1, 0.25, 0.5, 0.75, 1.0 விழுக்காடு என்று ஆறு தொகுதிகளாக வார்த்துக்கொள்ளுங்கள். 0.5 விழுக்காடு என்றால் 2.25 கிராம்தான். கார்பன் பிளாக் என்றால் 0, 2, 4, 6, 8, 10 என்று போங்கள். அது நீரைக் குடித்துவிடும். கலவை கட்டிப்பட்டால் சூப்பர் பிளாஸ்டிசைசரைக் கூட்டுங்கள், நீரைக் கூட்டாதீர்கள். அதுவும் போதவில்லையானால் எல்லாத் தொகுதிக்கும் ஒரே அளவாக நீரைக் கூட்டி, பூஜ்ஜியத் தொகுதியையும் புதிதாக வார்த்துக்கொள்ளுங்கள். பூஜ்ஜியத் தொகுதியை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். என் இனிப்புக் கதை நினைவிருக்கட்டும்.

பரப்புதல்: வேலையில் பாதி இங்கேதான்

நானோகுழாய்கள் ஒன்றையொன்று வான்டர் வால்ஸ் விசையால் (மிக நெருங்கிய துகள்களுக்கு இடையிலான மெல்லிய ஈர்ப்பால்) பற்றிக்கொண்டு பஞ்சுருண்டையாகக் கிடக்கும். அப்படியே சிமென்டில் கொட்டினால் உருண்டை உருண்டையாகவே நிற்கும். ஒவ்வொரு உருண்டையும் தன்னளவில் நன்றாகக் கடத்தும். ஒன்றுக்கும் மற்றதற்கும் நடுவே தொடர்பு இருக்காது. கடத்தவும் கடத்தாது, பலவீனமான இடமாக நின்று கட்டையை உடைக்கவும் செய்யும். கடத்தவில்லையே என்று கார்பனைக் கூட்டிக்கொண்டே போவது, உப்புக் கரையாத சாம்பாரில் மேலும் உப்பைக் கொட்டுவது போன்றது.

பிரிப்பதற்கு இரண்டு வேண்டும். ஒன்று மீயொலி ஆற்றல். மற்றொன்று, பிரிந்தவை மறுபடி சேராமல் காக்கும் பொருள். பாலிகார்பாக்சிலேட் வகைச் சூப்பர் பிளாஸ்டிசைசர் இரண்டாவது வேலையை நன்றாகவே செய்யும், கான்கிரீட்டுக்கும் பழகிய பொருள். ஆய்வகங்களில் நீரில் பரப்புவதற்குப் பயன்படுத்தும் சோடியம் டோடெசில் சல்ஃபேட்டைத் தவிர்த்துவிடுங்கள். நீரில் அருமையாக வேலை செய்யும். சிமென்டின் கால்சியத்தைக் கண்டதும், கடினநீரில் சோப்பு திரிவதுபோல் திரிந்துவிடும். போதாததற்கு நுரைத்துக் கட்டை முழுக்கக் காற்றுக்குமிழ்களைத் தரும்.

எவ்வளவு சேர்ப்பது? அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் நடந்த, பலரும் எடுத்துக்காட்டுகிற ஆய்வு, பரப்பும் பொருளுக்கும் நானோகுழாய்க்கும் எடையில் 4:1 விகிதம் நல்லது என்றது. அங்கே நானோகுழாயின் அளவு 0.1 விழுக்காட்டுக்கும் குறைவு. நம் 0.5 விழுக்காட்டுக்கு அதை அப்படியே போட்டால் 9 கிராம், அதாவது சிமென்டில் 2 விழுக்காடு ஆகும். கலவை கூழாகி நீர் மேலே மிதக்கும், இறுகுவதும் தள்ளிப்போகும். ஆகவே 1:1இல் தொடங்கிப் படிப்படியாக ஏற்றிப் பாருங்கள்.

கலவைக்கு வேண்டிய நீர் முழுவதையும் கண்ணாடிக் குவளையில் எடுத்து, சூப்பர் பிளாஸ்டிசைசரைக் கரைத்து, பிறகே கார்பனைத் தூவுங்கள். குவளையைப் பனிக்கட்டித் தட்டில் வையுங்கள். கோல் வகை மீயொலிக் கருவியை 20 விநாடி ஓடவிட்டு 20 விநாடி நிறுத்துங்கள். ஓடிய நேரம் மொத்தம் 30 நிமிடம் வரட்டும். கண்ணாடி கழுவுவதற்கான தொட்டி வகைக் கருவிக்கு இந்த வேலைக்கான வலு போதாது. ஓயாமல் ஓட்டினால் நீர் சூடாகும். அளவு மீறி ஓட்டினால் குழாய்கள் துண்டு துண்டாகி, எந்த நீளத்துக்காகக் காசு கொடுத்தோமோ அதையே இழப்போம். கார்பன் பிளாக்குக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. அதிவேகக் கலக்கியில் பத்து, பதினைந்து நிமிடம் போதும்.

பரவியதா என்று பார்க்கப் பலர் ஒரு துளியை நீரில் விட்டு, ஒரு நாள் கழித்தும் அடியில் படியவில்லை என்றால் திருப்தி அடைகிறார்கள். எனக்கு அது போதாது. சிமென்டுக்குள் இருப்பது சாதாரண நீர் இல்லை. கார அளவு (pH) 13ஐ ஒட்டிய, கால்சியம் நிறைந்த நீர். சிறிது சிமென்டை நீரில் கலக்கி வடிகட்டி எடுத்து, அந்தத் தெளிவில் உங்கள் கருப்பு நீரைச் சில துளி விடுங்கள். அரை மணியில் திரிதிரியாகக் கட்டினால் கட்டைக்குள்ளும் அதுவேதான் நடக்கும். என் முதல் மூன்று தொகுதிகள் நீரில் தேர்ச்சி பெற்று, இந்தத் தேர்வில் தோற்றவை.

வார்ப்பதும் மின்வாயும்

கருப்பு நீரில் சிமென்டைப் போட்டுக் கலக்கி, பிறகு மணலைச் சேருங்கள். பரப்பிய நீரை மறுநாளுக்கு எடுத்துவைக்காதீர்கள். அச்சில் எண்ணெயை மெல்லத் தடவுங்கள்; அது மின்வாயில் பட்டால் தொடர்பு கெடும்.

மின்வாய்க்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலை அல்லது செம்பு வலை. கண்ணி அகலம் மணல் தாராளமாகப் புகும் அளவுக்கு, 6 மி.மீ. குறையாமல் இருக்கட்டும். அலுமினியம் கூடவே கூடாது: சிமென்டின் காரத்தில் கரைந்து ஹைட்ரஜன் குமிழ்களை விடும், வலையைச் சுற்றி வெற்றிடம் உண்டாகும். துத்தநாகம் பூசிய வலைக்கும் இதே குறை உண்டு. கட்டையின் நீளத்தில் 20, 50, 110, 140 மி.மீ. இடங்களில் நான்கு வலைகளை நிறுத்துங்கள். வெளியே உள்ள இரண்டில் மின்னோட்டத்தைச் செலுத்தி, உள்ளே உள்ள இரண்டில் வோல்ட்டை அளப்போம். இப்படிச் செய்தால் வலைக்கும் சிமென்டுக்கும் இடையிலான தொடர்புத் தடை கணக்கிலிருந்து விலகிவிடும். இரண்டே கம்பி வைத்து அளந்தால் நல்ல கட்டைகளில் அந்தத் தொடர்புத் தடைதான் பெரிதாகத் தெரியும்.

அதிர்வு மேசையில் மிதமாக அதிரவிடுங்கள். நீண்டநேரம் அதிர்த்தால் கருப்புச் சாறு மேலேறி, கட்டையின் தலையில் ஒரு மின்தடை, காலில் ஒரு மின்தடை என்றாகும். பிறகு 28 நாள் நீராற்றுதல் (கியூரிங்). இதில் புதுமை எதுவுமில்லை.

உலர்த்தி அளத்தல்

28ஆம் நாள் ஈரத்தோடு ஓர் அளவு எடுத்துக் குறித்துவிட்டு, கட்டைகளை 60 டிகிரி அடுப்பில் வையுங்கள். ஒரு நாளைக்கும் மறுநாளைக்கும் எடை வேறுபாடு 0.1 விழுக்காட்டுக்குள் வரும்வரை அங்கேயே இருக்கட்டும். 105 டிகிரியில் வைத்து அவசரப்படுத்தினால் நுண்வெடிப்பு விழும், வெடிப்பு பாதையை அறுக்கும். அறை வெப்பத்துக்கு ஆறிய பிறகு அளங்கள்.

நேர்திசை மின்னோட்டத்தில் அளந்தால் எண் நிலைகொள்ளாது. மின்வாய்களில் அயனிகள் குவிந்து, நிமிடத்துக்கு நிமிடம் மின்தடை ஏறிக்கொண்டே போவதுபோல் தோன்றும். 1 கிலோஹெர்ட்ஸ் மாறுதிசை மின்னோட்டத்தில் எல்.சி.ஆர். மீட்டரை (மாறுதிசையில் மின்தடையை அளக்கும் கருவியை) கொண்டு அளங்கள். உள் வலைகளுக்கு நடுவே 60 மி.மீ., குறுக்குப் பரப்பு 16 சதுர செ.மீ. அளவு 75 ஓம் வந்தால், 75 × 0.0016 ÷ 0.06 = 2 ஓம்-மீட்டர். பூஜ்ஜியத் தொகுதி உலர்ந்து லட்சக்கணக்கில் எகிறியிருக்க, கார்பன் தொகுதி ஈரத்தில் இருந்த எண்ணுக்கு அருகிலேயே நின்றால் உள்ளே பாதை அமைந்துவிட்டது. இப்போது இனிப்பு வாங்கலாம்.

ஆறு தொகுதிகளின் மின்தடை எண்ணையும் மடக்கை (log) அளவுகோலில் வரையுங்கள். ஓரிடத்தில் மலைச்சரிவுபோல் கோடு சட்டென்று விழும். அதுதான் வாசல் அளவு. அதற்கு முன்னால் துகள்கள் தனித்தனித் தீவுகள். அதைத் தாண்டியதும் பாதை கூடிவிடுகிறது. எல்லாத் துகளும் ஒன்றையொன்று தொட வேண்டும் என்பதுகூட இல்லை. ஆற்றில் பாறைக்குப் பாறை தாவிக் கடப்பதுபோல், சில நானோமீட்டர் இடைவெளியை எலக்ட்ரான் குவாண்டம் முறையில் தாண்டிவிடும்.

உணரி செய்ய வேண்டுமானால் சரிவின் விளிம்பிலேயே நில்லுங்கள். அங்கே துகள்களுக்கு நடுவே இடைவெளி சற்று மாறினாலும் மின்தடை பெரிதாக மாறும். அழுத்தும்போது குறையும், வெடிப்பு விழுந்தால் ஏறும். சூடாக்கவோ எர்த்திங்குக்கோ என்றால் சரிவைத் தாண்டிச் சமவெளிக்கு வந்து சற்றுத் தள்ளி நில்லுங்கள். அதற்கு மேல் கார்பனைக் கொட்டுவது வீண். மின்தடை குறைவது நின்றுவிடும், வலிமை குறைவது நிற்காது. ஒவ்வொரு தொகுதிக்கும் அழுத்த வலிமையையும் சோதித்து, அதே தாளில் வரைந்து வையுங்கள்.

ஒரு பலகையைச் சூடாக்குவோம்

ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர், 5 செ.மீ. தடிமன், மின்தடை எண் 1 ஓம்-மீட்டர் என்று கொள்வோம். எதிரெதிர் விளிம்புகளில் மின்வாய் வைத்தால் தடை 20 ஓம். 48 வோல்ட் கொடுத்தால் 115 வாட். வெதுவெதுப்பாகும், அவ்வளவே. கார்பனைக் கூட்டத் துடிக்காதீர்கள். நடுவில் மூன்றாவதாக ஒரு மின்வாயைப் பதித்து, இரு விளிம்புகளையும் ஒரு முனையாகவும் நடுவை மறுமுனையாகவும் இணைத்தால் தடை 5 ஓம் ஆகும். சக்தி 460 வாட். இடைவெளி பாதியானால் வெப்பம் நான்கு மடங்கு. ஒரு வலையின் விலையில் கிடைக்கிற லாபம் இது.

வீட்டு மின்சாரத்தை நேராகக் கொடுப்பது தற்கொலைக்குச் சமம். வீட்டு மின்இணைப்பிலிருந்து தனிமைப்படுத்திய, 50 வோல்ட்டுக்குள்ளான மின்வழங்கியையே பயன்படுத்துங்கள். மின்னோட்டத்துக்கு உச்சவரம்பும் வெப்பநிலைக் கட்டுப்பாடும் கட்டாயம். கார்பன் வலையின் தடை சூடாகச் சூடாகக் குறைவதால், மின்னோட்டம் தானே ஏறிக்கொண்டு போகும்.

ஜல்லிக்குப் போகும்போது

கன மீட்டருக்கு 400 கிலோ சிமென்ட் என்றால் 0.5 விழுக்காட்டுக்கு நானோகுழாய் 2 கிலோ. கன அளவில் பார்த்தால் ஆயிரம் லிட்டர் கான்கிரீட்டில் ஏறக்குறைய ஒரு லிட்டர் கார்பன். கார்பன் பிளாக் 6 விழுக்காடு என்றால் 24 கிலோ. ஜல்லி மின்சாரம் கடத்தாது; பாதை அதைச் சுற்றிப் போக வேண்டியிருப்பதால் காரையில் கிடைத்த எண் கான்கிரீட்டில் கிடைக்காது. ஜல்லியை 10 மி.மீ.க்குள் வைத்து, குறுகிய கார்பன் இழைகளையும் சிறிது சேர்த்தால், இழை நெடுஞ்சாலையாகவும் நானோகுழாய் தெருவாகவும் நின்று ஒன்றையொன்று ஈடுசெய்யும். தனி நானோகுழாயைவிட இந்தக் கூட்டணியில் எனக்கு நம்பிக்கை அதிகம்.

கட்டுமானக் கம்பி இருக்கும் இடத்தில் இந்தக் கலவையை நேரடியாகப் போடாதீர்கள். கார்பனும் எஃகும் மின்தொடர்பில் இருந்து ஈரமும் சேர்ந்தால், அரிப்பு எஃகின் பக்கம்தான் விழும். மேலே ஒரு மெல்லிய அடுக்காக, நடுவில் மின்காப்புப் பூச்சு கொடுத்து வார்ப்பதே முறை. உலர்ந்த கட்டையில் கிடைத்த எண்ணோடு களத்தை ஒப்பிடும்போது மழைக்காலத்தில் ஒருமுறை, கோடையில் ஒருமுறை அளந்து இரண்டையும் பதிவு செய்யுங்கள். இரண்டுக்கும் இடையே பத்து மடங்கு வேறுபாடு தெரிந்தால் வேலையைச் செய்துகொண்டிருப்பது இன்னும் ஈரம்தான். பரப்புதல் படிக்குத் திரும்பிப் போங்கள்.

கலக்கி கழுவிய கருப்பு நீரைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். ஒரு வாளியில் சேர்த்து, இரண்டு கைப்பிடி சிமென்டைப் போட்டுக் கலக்கி, இறுகிய பிறகு கட்டடக் கழிவோடு அப்புறப்படுத்துங்கள். நகக்கண்ணில் ஏறிய கருப்பு போக மட்டும் ஒரு வாரம் ஆகும்.